கட்டுரைக்கு ஒரு கஷ்டம்

ஓக் மிரேக்கு முப்பத்து மூன்று வயதில் அவசரமாக ஒரு கஷ்டம் தேவைப்பட்டது. இப்போதைய கஷ்டம் வேண்டாம், அது கைவசம் நிறையவே இருந்தது. சின்ன வயசுக் கஷ்டம் வேண்டும். அதுவும் பதினோரு நாளுக்குள் வேண்டும்.

சட்டப் பள்ளிக்கு அவள் விண்ணப்பிப்பது இது மூன்றாவது தடவை. தோங்யோங் நீதிமன்றத்துக்கு எதிர்வரிசையில் ஒரு பத்திர எழுத்தர் ஆபீஸில் ஏழு வருஷமாகக் குமாஸ்தா வேலை. ஊர் சனங்களின் வழக்குக் காகிதங்களை வாசிக்கலாம், டைப் அடிக்கலாம், முத்திரை குத்தலாம். வாயைத் திறந்து ஒரு வார்த்தை வாதாட மட்டும் முடியாது. ஏழு வருஷம் வாயை மூடிக்கொண்டிருப்பது மிரே மாதிரி ஆளுக்கு லேசுப்பட்ட காரியமா? நுழைவுத் தேர்வில் இந்த வருஷம் நல்ல மதிப்பெண். ஆனால் போன இரண்டு வருஷமும் அவள் மண்ணைக் கவ்வியது அறிமுகக் கட்டுரையில்தான். இந்த முறையும் போனால் இந்த ஆசையையே விட்டுவிடுவதாகத் தனக்குத் தானே சத்தியம் செய்திருந்தாள். சத்தியம் செய்தால் மீற மாட்டாள், அது அவளிடம் இருக்கிற ஒரு கெட்ட குணம்.

சனிக்கிழமைகளில் பூசானில் ஒரு காபிக் கடையில் ஐந்து பேர் கூடிப் படிப்பார்கள். ஒருத்தர் கட்டுரையை இன்னொருத்தர் வாசித்துக் குதறுவது வழக்கம். இருக்கிறதிலேயே இளையவன் பியோ. இருபத்தைந்து வயசு, நாக்கு மட்டும் எழுபது வயசு.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. இதைப் படிச்சா தூக்கம் வருது."

"எந்த இடத்துல?"

"முதல் வரியிலயே. 'கண்டிப்பான அப்பாவுக்கும் அன்பான அம்மாவுக்கும் மகளாகப் பிறந்து'ன்னு நாட்டுல பாதிப் பேரு எழுதுறான். அது போகட்டும், அம்மா அப்பா பேச்சே எடுக்காதீங்க. அவங்க பேரு, வேலைன்னு ஒரு எழுத்து தெரிஞ்சாலும் தகுதி நீக்கம். சொந்தக்காரங்களைச் சொன்னாலும் அதே கதிதான்."

விதி நல்ல விதிதான். நீதிபதி பிள்ளைகள் 'எங்கப்பா யார் தெரியுமா' என்று கட்டுரையில் கண்ணடிக்கக் கூடாது என்று போட்டது. அதில் நீதிபதி பிள்ளையும் அகப்படுவான், சிப்பி உடைக்கிறவள் பிள்ளையும் அகப்படுவாள்.

"கஷ்டம் எழுதுங்கக்கா. கஷ்டம்தான் நிக்கும்," என்றான் பியோ.

அவனுடைய கஷ்டம் நாய் செத்துப்போனது. வாசித்து மூன்று பேர் அழுதிருந்தார்கள். இன்னொருத்திக்கு அமெரிக்காவில் ஒரு வருஷம் நல்ல கிம்ச்சி கிடைக்கவில்லை. மற்றொருவன் வயலின் வாசித்து விரலில் காய்ப்பு. மிரே யோசித்துப் பார்த்தாள், தன்னிடம் அப்படி ஒன்றுமே இல்லையே என்று வெட்கமாக இருந்தது.

"எனக்கு என்னப்பா கஷ்டம்? நல்லாத்தான் இருந்தேன்."

"ஸ்கூல் விட்டா என்ன பண்ணுவீங்க?"

"சிப்பிக் கொட்டகைக்குப் போவேன்."

"போயி?"

"பெட்டி மேல ஏறி நின்னு கோர்ட்டுக் காகிதமெல்லாம் சத்தமா வாசிப்பேன். நாப்பது பொம்பளைங்க கேப்பாங்க."

நான்கு காபிக் கோப்பைகளும் ஒரே நேரத்தில் மேசையில் இறங்கின.

"அடப்பாவி," என்றாள் அமெரிக்காக்காரி. "உனக்கு எத்தனை வயசு அப்போ?"

"ஒம்பது."

பியோ கையைத் தலைமேல் வைத்துக்கொண்டான். "புதையலை மடியில வச்சுக்கிட்டு ரெண்டு வருஷமா 'அன்பான அம்மா'வா எழுதிட்டிருந்தீங்க?"

நடந்தது இதுதான். மிரேயின் அப்பா தூரக்கடலில் சூரை மீன் பிடிக்கிற கப்பலில் போனவர், ஒன்றரை வருஷத்துக்கு ஒரு முறை வந்து பத்து நாள் தூங்கிவிட்டுப் போவார். அம்மா பாங் தோக்ஜா, கொட்டகையில் சிப்பி உடைக்கிறவள். ஐப்பசி தொடங்கினால் வசந்தம் முடிகிற வரைக்கும் விடியலுக்கு முன்னால் கத்தியை எடுத்தால் சாயங்காலம்தான் வைப்பாள். வீட்டில் ஆள் கிடையாது. பள்ளிக்கூடம் விட்டதும் மிரே நேரே கொட்டகைக்கு ஓடி வருவாள். நீள மேசையின் இரண்டு பக்கமும் ரப்பர் ஏப்ரன் கட்டி நாற்பது பெண்கள். மலை மலையாக ஓடு. கொட்டகை நடுவில் ஒரு அடுப்பு, அடுப்புப் பக்கத்தில் ஒரு மீன் பெட்டி கவிழ்த்து வைத்திருக்கும்.

அந்தப் பெட்டியில் ஏறி நிற்க வேண்டும். ஒரு பிஸ்கட் டப்பா நிறையக் காகிதம் வரும். பள்ளிக்கூட நோட்டீஸ், கூட்டுறவுச் சங்கக் கடிதம், குத்தகைப் பத்திரம், கோர்ட்டு சம்மன், எல்லாம். கை வேலையாக இருந்தாலும் காது சும்மாதானே இருக்கிறது என்று பெண்கள் கேட்பார்கள். தொண்டை கட்டுகிற வரைக்கும் வாசிக்க வேண்டும். அந்தக் காலத்துச் சட்டத் தாளில் பாதி கொரிய எழுத்து, பாதி சீன எழுத்து. ஒன்பது வயசுப் பிள்ளைக்கு என்ன தெரியும்? ஆனால் ஒவ்வொரு சீன எழுத்தின் தலைமேலும் அதன் உச்சரிப்பைக் கொரிய எழுத்தில், மெல்லிய பென்சிலில், யாரோ எழுதியிருப்பார்கள். கோர்ட்டில் இருக்கிறவர்கள் எவ்வளவு நல்லவர்கள், சின்னப் பிள்ளைகள்கூட வாசிக்கட்டும் என்று இவ்வளவு மெனக்கெடுகிறார்களே என்று மிரே நெகிழ்ந்து போவாள். சட்டத்தின் மேல் அவளுக்குக் காதல் வந்தது அந்தப் பென்சில் எழுத்தைப் பார்த்துத்தான். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

கொட்டகைப் பெண்கள் எல்லாரும் அவளுக்குச் சித்திகள்தான். அதில் போங்சுன் சித்தியின் விவாகரத்து மனுவை வாசித்த நாளை ஊரே மறக்காது. புருஷன்காரன் போட்ட மனு. மிரே பெட்டி மேல் நின்று, பாடப் புத்தகம் வாசிக்கிற ராகத்தில் வாசித்தாள்:

"மனுதாரரின் மனைவி படுக்கையிலும் சிப்பி வாடை வீசுவதால் மனுதாரர் சொல்லொணா மன வேதனைக்கு ஆளாகி..."

நாற்பது கத்தியும் நின்றுவிட்டது. அப்புறம் எழுந்த சிரிப்பில் கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. ஒருத்தி சிரித்துச் சிரித்து ஓட்டு மலைமேல் சாய்ந்துவிட்டாள். போங்சுன் சித்தி கத்தியை ஓங்கிக் கேட்டாள்: "வாடை வந்தா மூக்கை அறுத்துக்க வேண்டியதுதானே! அவன் தின்ன சோறு எந்த வாடையில வந்துச்சாம்? இன்னொரு தடவ வாசிடி செல்லம், நல்லா நிறுத்தி வாசி!" மிரே மூன்று தடவை வாசித்தாள். கடைசித் தடவை எல்லாரும் கூடவே சேர்ந்து சொன்னார்கள்.

இதையெல்லாம் வைத்து நான்கு நாளில் ஒரு கட்டுரை பிறந்தது. 'எழுத்தறிவற்ற நாற்பது பெண் தொழிலாளர்களுக்கு, ஒன்பது வயது முதல், குளிரில் நின்றபடி, சட்ட ஆவணங்களை வாசிக்க நான் கட்டாயப்படுத்தப்பட்டேன்' என்று தொடக்கம். அம்மாவை எடுத்த இடமெல்லாம் பொத்தலாக இருந்தது. 'யாரோ என்னைப் பெட்டிமேல் தூக்கி நிறுத்தினார்கள்', 'யாரோ என் மூக்கைத் துடைத்தார்கள்' என்று போட்டு அடைத்தாள். பியோ வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினான். நாய் தோற்றது.

ஒரே ஒரு குறை. கட்டுரையில் சொல்வதற்கு ஆதாரம் இணைக்க வேண்டும். பரவாயில்லை, ஆதாரம் உயிரோடுதானே இருக்கிறது! மிரே ஆபீஸிலேயே ஒரு சான்றுக் கடிதம் டைப் அடித்து, கையெழுத்துப் போட நாற்பது கோடும் போட்டு எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். அந்த வருஷம் சீசன் சீக்கிரமே தொடங்கியிருந்தது. பழைய ஆட்களில் இருபத்துச் சொச்சம் பேர் இன்னும் மேசையில்தான் நின்றார்கள். வரிசையின் கோடியில், வழக்கமான இடத்தில், அம்மா.

"சித்தி, இதுல ஒரு கையெழுத்து. இல்லேன்னா பெருவிரல் வச்சாலும் போதும்," என்று மிரே பவ்யமாக நீட்டினாள்.

போங்சுன் சித்தி கையுறையைக் கழற்றினாள். ஏப்ரன் பையிலிருந்து மூக்குக் கண்ணாடி எடுத்து மாட்டினாள். பிறகு, தண்ணீர் பட்ட பாடாக, ஒரு இடத்திலும் தடுக்காமல் வாசிக்கத் தொடங்கினாள்.

"'கீழே கையொப்பமிடும் நாங்கள், எழுத்தறிவற்ற...' ஏய்! யாருடி எழுத்தறிவில்லாதவ?"

"சித்தி, உங்களுக்கு வாசிக்கத் தெரியுமா?"

"தெரியுமாவா? நான் ஆறாவது வரைக்கும் வகுப்புல முதல்! பெருவிரலாம்ல பெருவிரல்! குவாக் அக்கா, இங்க வந்து கேளுங்க, நம்மளுக்கெல்லாம் எழுத்துத் தெரியாதாம்!"

குவாக் பெரியம்மா கூட்டத்துக்கே மூத்தவள். கடிதத்தை வாங்கி அவளும் வாசித்தாள், அவளுக்கு அடுத்தவளும் வாசித்தாள். மேசை நெடுக அது கைமாறிக் கைமாறிப் போக, போகிற இடமெல்லாம் சிரிப்பு. "சீன எழுத்துன்னா கொஞ்சம் முட்டும். மத்தபடி நாங்க வாரப் பத்திரிகை தொடர்கதையெல்லாம் கரைச்சுக் குடிச்சவங்கடி."

"அப்போ என்னை எதுக்கு வாசிக்க வச்சீங்க? தொண்டை கிழிய!"

ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள். குவாக் பெரியம்மாதான் சொன்னாள்.

"நீ ஒம்பது வயசுல ஓடு ஏத்துற இயந்திரத்துக்குள்ள கையை விடப் போன. முதலாளி கத்துன கத்துல கடலே வத்திப்போச்சு. நாளையில இருந்து ஒரு குழந்தையும் கொட்டகைக்குள்ள வரக் கூடாதுன்னுட்டான். உன்னை எங்க விடுறது? பூட்டின வீட்டுலயா? அதான் எல்லாரும் சேர்ந்து போயி, 'எங்களுக்கு எழுத்துத் தெரியாது, இந்தப் பொண்ணு வாசிச்சாத்தான் விஷயம் தெரியும், இவ இல்லேன்னா நாங்க இல்ல'ன்னு நின்னோம். முதலாளி நம்பிட்டான். பாவம், சாகுற வரைக்கும் நம்புனான்."

"நீங்க எல்லாரும் சேர்ந்து பொய் சொன்னீங்களா? நாப்பது பேருமா?"

"ஆமா. ஒருத்திகூட பிசகல," என்றாள் போங்சுன் சித்தி பெருமையாக. "அடுப்புப் பக்கம் நிக்க வச்சோம். சக்கரைவள்ளிக் கிழங்கு சுட்டுக் குடுத்தோம். இதுல உனக்கு என்னடி கஷ்டம்?"

"யாரோட யோசனை இது?"

சட்டென்று எல்லாக் கத்தியும் வேலையில் மும்முரமாகிவிட்டது. மிரே வரிசைக் கோடிக்குப் பார்த்தாள்.

"அம்மா?"

"எனக்கு ஞாபகம் இல்ல," என்றாள் தோக்ஜா, நிமிராமல். "கஷ்டமாம்ல கஷ்டம். மகாராணி மாதிரி பெட்டி மேல நின்ன. பேசாம கடிதத்தை எடுத்துட்டுப் போ, வேலை கெடுது."

அன்றைக்குப் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து மிரே பேய் பிடித்தவள்போல் சிரித்தாள். இருந்த ஒரே கஷ்டமும் கைவிட்டுப் போய்விட்டது! விண்ணப்பம் மூட இன்னும் மூன்று நாள். பியோவிடம் சொன்னாள். அவன் போனிலேயே அலறினான்.

"அக்கா, அவங்க வாசிச்சது யாருக்குத் தெரியப் போகுது? பழசையே அனுப்புங்க!"

"பொய் சொல்லிட்டுச் சட்டம் படிக்கப் போகச் சொல்றியா?"

"எல்லாரும் அப்படித்தான் போறாங்க!"

"அப்போ உன் நாய்?"

"அது... பக்கத்து வீட்டு நாய்," என்றான் பியோ.

மறுநாள் ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு மிரே உட்கார்ந்தாள். 'என் சிறுவயதில் எனக்கு ஒரு கஷ்டம் இருந்தது என்று முப்பத்து மூன்று வயது வரை நம்பியிருந்தேன். விசாரித்ததில், அது நாற்பது பேர் கூடிச் சொன்ன பொய் என்று நேற்றுதான் நிரூபணமானது' என்று முதல் வரி வந்தது. அதற்கப்புறம் கை நிற்கவே இல்லை. ஒரே மூச்சில் எழுதி முடித்து, அம்மா வாடை எங்கேயாவது அடிக்கிறதா என்று பார்க்க ஆள் வேண்டுமே என்று யோசித்தாள். பியோவை நம்ப முடியாது. வேறு யார் இருக்கிறார்கள்?

கொட்டகையில் அதே அடுப்பு. பெட்டிதான் வேறு, இப்போது பிளாஸ்டிக். மிரே ஏறி நின்றாள், பெட்டி முனகியது.

"நல்லாக் கேளுங்க. எந்த வரியிலயாவது எங்கம்மா தெரிஞ்சா, இல்ல சொந்தக்காரங்க மாதிரி பட்டா, கத்தியால மேசையில ஒரு தட்டு தட்டுங்க. தட்டுன வரியை நான் எடுத்துருவேன். இல்லேன்னா என் விண்ணப்பம் குப்பைக்குப் போயிரும்."

இருபத்துச் சொச்சம் பேருக்கு அப்படி ஒரு அதிகாரம் கையில் வந்தால் சும்மா இருப்பார்களா? 'ஒரு நாள் காலை' என்றாள், டங். "காலையில உங்கம்மாதானே கூட்டிட்டு வந்தா!" 'எனக்கு இருமல் வந்தபோது' என்றாள், டங் டங். 'நாற்பது சித்திகள்' என்றாள், மேசை முழுக்க டங் டங் டங்.

"சித்தின்னா சொந்தம்னு நினைச்சுருவானுங்க! மாத்து!"

"சரி, 'நாற்பது தொழிலாளர்கள்'."

டங்! "யாருடி தொழிலாளி? நாங்க உனக்குச் சித்தி!" என்று போங்சுன் சித்தி கோபித்துக்கொண்டாள். கடைசியில் 'எனக்கு ரத்த சம்பந்தம் துளியும் இல்லாத நாற்பது பெண்கள்' என்று ஆனது. அதற்கு எல்லோருக்கும் கொஞ்சம் மூஞ்சி தொங்கியது, ஆனால் தட்டவில்லை. விவாகரத்து மனு வந்த இடத்தில் மட்டும் யாரும் காத்திருக்கவில்லை, கூடவே சேர்ந்து ஒப்பித்தார்கள். 'சொல்லொணா மன வேதனைக்கு' என்ற இடத்தில் ஒருத்திக்கு மூச்சு முட்டித் தண்ணீர் கொடுக்க வேண்டியிருந்தது.

மிரே கடைசிப் பத்திக்கு வந்தாள். யாரிடமும் சொல்லாததை அதில்தான் வைத்திருந்தாள்.

"'அந்தத் தாள்களில் ஒவ்வொரு சீன எழுத்தின் மேலும் யாரோ பென்சிலில் உச்சரிப்பு எழுதியிருந்தார்கள். நீதிமன்றத்தில் முகம் தெரியாத ஓர் ஊழியர், சிப்பிக் கொட்டகையில் நிற்கும் ஒரு குழந்தைக்காக அவ்வளவு பாடுபட்டார். சட்டம் என்றால் அதுதான் என்று நம்பித்தான் நான் இங்கே வருகிறேன்.'"

யாரும் தட்டவில்லை. குவாக் பெரியம்மா மூக்கை உறிஞ்சினாள். "நல்லா இருக்குடி. இதுல ஒரு குத்தமும் இல்ல."

அப்போது வரிசைக் கோடியிலிருந்து ஒரே ஒரு தட்டு கேட்டது.

எல்லாரும் திரும்பினார்கள். தோக்ஜா கத்தியை மேசையில் வைத்திருந்தாள். முகம் சிவந்து கிடந்தது.

"மிரே அம்மா, அதுல நீ எங்க வர்ற?" என்றாள் போங்சுன் சித்தி. "அது கோர்ட்டு ஆளுல்ல?"

"கோர்ட்டுக்காரனுக்கு வேற வேலை இல்லியா?" தோக்ஜா ஒரு சிப்பியை எடுத்தாள், உடைக்காமல் திரும்ப வைத்தாள். "டப்பாவை முந்தின நாளே நான்தானே வீட்டுக்கு எடுத்துட்டுப் போவேன். கத்தி வாங்கப் பூசான் போனப்ப ஒரு சீன எழுத்து அகராதியும் வாங்குனேன். நீங்க எல்லாரும் பெரிய பொய்யாச் சொல்லிட்டீங்க. இவ பெட்டி மேல நின்னு முழிச்சா முதலாளிக்குத் தெரிஞ்சுராதா?"

ஏழு வருஷம் ஆபீஸில் ஆயிரக்கணக்கான கோர்ட்டுத் தாள் மிரேயின் கைவழியாகப் போயிருந்தது. ஒன்றில்கூடப் பென்சில் எழுத்து இருந்ததில்லை. கம்ப்யூட்டர் காலம், பாவம், அவர்களுக்கு நேரமில்லை என்று அவள் நீதிமன்றத்துக்காகப் பரிந்துகொண்டிருந்தாள். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்து, விக்கல்தான் எடுத்தது.

"நான் எழுதிடறேன்மா. 'யாரென்று இப்போது தெரியும், சொல்ல இந்த விண்ணப்பத்தின் விதி இடம் தரவில்லை'ன்னு எழுதறேன். உன் பேரு வராது."

"உன் வாய்க்கொழுப்பால மூணாவது வருஷமும் போகணுமா? தட்டுனா எடுக்கறேன்னு நீதானே சொன்ன? எடு."

சத்தியம் செய்தால் மீறாத பிறவி. மிரே பெட்டி மேல் நின்றபடியே அந்தப் பத்தியை நீக்கினாள்.

"இப்ப அவங்க கேட்ட அளவுக்கு எழுத்துக் குறையுதா?" என்றாள் தோக்ஜா.

"குறையுதும்மா. நூத்துச் சொச்சம்."

"அடுப்புப் பக்கம் சூடா இருந்துச்சுன்னு போடு. அது உண்மைதானே." சொல்லிவிட்டுக் கத்தியை எடுத்துக்கொண்டாள்.

அப்படியே போட்டாள். டிசம்பரில், சீசன் உச்சத்தில், முடிவு வந்தது. அதையும் பெட்டி மேல் நின்றுதான் வாசிக்க வேண்டியிருந்தது. 'தேர்வு' என்ற சொல்லுக்கு அப்புறம் அவள் வாசித்தது எதுவும் யாருக்கும் கேட்கவில்லை, அத்தனை கத்தியும் மேசையைப் பிளந்துகொண்டிருந்தது.

பிப்ரவரியில் சட்டப் புத்தகங்கள் பார்சலில் வந்தன, செங்கல் செங்கலாக எட்டு. மிரே வேலை முடிந்து வீடு வந்தபோது தோக்ஜா தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தாள். மூக்கில் கண்ணாடி, காதில் சீவிய பென்சில், மடியில் அட்டை கிழிந்த ஒரு அகராதி.

"என்னம்மா பண்ற?"

தோக்ஜா கடைசிப் புத்தகத்தையும் புரட்டிவிட்டு, ஏமாற்றத்தோடு மூடினாள்.

"எட்டுப் புத்தகத்துலயும் சேத்து சீன எழுத்து பத்துகூடத் தேறாது போலிருக்கே," என்றாள். "ஒரு கஷ்டமும் இல்லாம வக்கீலாயிருவ, போ."